கலியாண நாளுக்குக் காசாபிளாங்கா, பிறகு குஸ்குஸ்

காதலும் பயணமும் கலந்த படமொன்றைப் பார்த்துவிட்டு, அதற்குத் தோதான சாப்பாட்டோடு கொண்டாடியதுண்டா, என்ன படம், எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. படம் 1942இல் வந்த காசாபிளாங்கா. சாப்பாடு பரிஸில் ஒரு மொரோக்கோக் கடையில்.

என் அக்கா, அத்தானின் முப்பதாவது கலியாண நாள் அது. மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, வீடியோக்காரர் சொல்கிற பக்கமெல்லாம் திரும்பிச் சிரிக்கிற கொண்டாட்டம் தனக்கு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால் அவர்களுடைய மகள் இந்தத் திட்டத்தைப் போட்டாள். சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஷம்போலியோன் தெருவில், பழைய படங்கள் போடுகிற சின்னச் சின்னத் தியேட்டர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் மாலைக்காட்சி. பிறகு பெரிய பள்ளிவாசல் பக்கமாக நடந்துபோய் இரவுச் சாப்பாடு.

காசாபிளாங்கா காதல் படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. பயணப் படமா என்று கேட்பீர்கள். நான் பார்த்தவற்றில் அதைவிட உண்மையான பயணப் படம் இல்லை என்பேன். மலை, கடற்கரை, ரயில் ஜன்னலில் தலைசாய்த்த கதாநாயகி எல்லாம் சுற்றுலாப் போகிறவர்களுக்கு. ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குப் பயணம் என்றால் காத்திருப்பதுதான். இந்தப் படத்திலும் ஒருவரும் ஊர் பார்க்கப் போவதில்லை. எல்லாரும் விசாவுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் தொடங்கியதுமே உலகப்படத்தில் கோடு போட்டுப் பாதையைக் காட்டுவார்கள். நாஜிகள் பிடித்த ஐரோப்பாவிலிருந்து தப்புகிறவர்கள் பரிஸிலிருந்து மார்செய், அங்கிருந்து கடல் தாண்டி ஓரான், பிறகு வட ஆபிரிக்காவின் ஓரமாகக் காசாபிளாங்கா. வெளியேறும் விசா கிடைத்தால் லிஸ்பன், லிஸ்பனில் இருந்து அமெரிக்கா. கிடைக்காவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அந்தக் கோடு நகரும்போது அத்தான் என் பக்கம் சாய்ந்து, "இது எங்கட ரூட் மாதிரி எல்லோ" என்றார். அவர் 1984இல் கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் புகுந்து, பிறகு பிரான்சுக்கு வந்தவர். அக்கா அதற்குப் பத்து வருடம் கழித்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்து விசாப் பேப்பர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரிக் என்ற அமெரிக்கர் காசாபிளாங்காவில் ஒரு கபே நடத்துகிறார். பரிஸில் அவரைக் காதலித்து, ரயில் நிலையத்துக்கு வராமல் ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பிய இல்சா, கணவன் லாஸ்லோவோடு அங்கே வந்து நிற்கிறார். லாஸ்லோவை நாஜிகள் தேடுகிறார்கள். தப்பிப் போகத் தேவையான இரண்டு பயணப் பத்திரங்கள் ரிக்கின் கையில் இருக்கின்றன. பத்திரம் இரண்டு, ஆட்கள் மூன்று.

இந்த முக்கோணத்தைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதைச் சுற்றி இருக்கிற கூட்டம். பீட்டர் லோரே நடித்த உகார்த்தே என்ன தொழில் செய்கிறான்? பொலிஸ் அதிகாரி கேட்கிற காசில் பாதிக்கு விசா எடுத்துக் கொடுக்கிறான். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன், வேறென்ன! பரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் கடைத்தெருவில் வளர்ந்த எவருக்கும் அவனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல்கேரியாவிலிருந்து வந்த இளம் தம்பதி. கையில் காசு போதாது. பொலிஸ் அதிகாரி ரெனோ, காசுக்குப் பதிலாக அந்தப் பெண்ணைக் கேட்கிறான். அவள் ரிக்கிடம் வந்து, ரெனோ சொன்ன சொல்லைக் காப்பாற்றுவானா என்று மட்டும் விசாரிக்கிறாள். ரிக் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிறகு எழுந்து சூதாட்ட மேசைக்குப் போய், கடைசிக் காசையும் தோற்றுக்கொண்டிருக்கும் அவள் கணவனிடம் இருபத்திரண்டில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். சக்கரம் சுற்றுகிறவரை ஒரு பார்வை. இருபத்திரண்டு விழுகிறது. எடுக்காதே, அப்படியே விடு என்கிறார். மறுபடியும் இருபத்திரண்டு. காசை மாற்றிக்கொண்டு போ, இந்தப் பக்கம் திரும்பி வராதே.

அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவர் மார்செல் டாலியோ. போருக்கு முன் பிரெஞ்சு சினிமாவில் பெரிய நடிகர், யூதர். 1940இல் ஜெர்மன் படை பரிஸுக்குள் வருமுன் மனைவியோடு ஓடினார். லிஸ்பனில் சிலி நாட்டு விசா எடுத்துக் கப்பலேறினால், அது கள்ள விசா என்று மெக்சிகோவில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கனடா கொடுத்த தற்காலிகக் கடவுச்சீட்டில் அமெரிக்காவுக்குள் வந்தார்கள். அந்த மனைவி மடலேன் லெபோவும் இதே படத்தில் இருக்கிறார். கபேயில் ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை மூழ்கடித்து எல்லாரும் பிரெஞ்சுத் தேசியகீதம் பாடும்போது கண்ணீரோடு பாடுகிற பெண் அவர்தான். அந்த அழுகைக்குக் கிளிசரின் எதற்கு? பல்கேரியக் கணவனாக நடித்த ஹெல்முட் டான்டினும் ஒஸ்ட்ரியாவில் நாஜி முகாமில் இருந்துவிட்டு வந்தவர். நான் இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அத்தான் கொஞ்சநேரம் கரண்டியை வைத்துவிட்டு இருந்தார்.

படத்தின் பெரிய குறையும் மேசையில்தான் அடிபட்டது. மொரோக்கோவின் பெயரில் ஓடுகிற படத்தில் மொரோக்கோ இல்லை. எடுத்தது கலிபோர்னியாவில், பெரும்பாலும் பர்பாங்கில் இருந்த வார்னர் ஸ்டூடியோவுக்குள். கடைசியில் பனிமூட்டத்தில் நிற்கிற விமானம் ஒரு சின்ன மாதிரி. பெரிதாகத் தெரியவேண்டும் என்று பக்கத்தில் உயரம் குறைந்தவர்களை நிறுத்தினார்களாம். அதையாவது மன்னிக்கலாம். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி வசனம் பேசுகிற மொரோக்கர் ஒருவர்கூட இல்லையே! கபே வாசலில் நிற்கிற அப்துல்லாக நடித்தவரும் அமெரிக்கர். எல்லாரும் ஷாம்பெயின் குடிக்கிறார்கள், ஜெர்மன் மேஜர் கவியார் கேட்கிறார், மொரோக்கர்கள் கறி சமைக்கிற தஜீன் என்ற மண்சட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நிஜக் காசாபிளாங்காவில் ரிக்கின் கபே என்று ஒன்று வந்ததே 2004இல்தான். திறந்தவர் கேத்தி கிரிகர் என்ற முன்னாள் அமெரிக்கத் தூதரக அதிகாரி. அதனால்தான் இந்தப் படத்துக்குப் பிறகு மொரோக்கோச் சாப்பாடு என்று அக்காவின் மகள் முடிவெடுத்தாள். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் கொடுக்காததை நாங்களாவது போய்க் கொடுப்போம் என்றாள். அவளுக்கு எதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

இனிச் சாப்பாடு. முதலில் பஸ்தியா வந்தது. மெல்லிய மாத்தாள்களுக்கு நடுவே கோழியும் பாதாமும், மேலே தூள் சீனியும் கறுவாத் தூளும். "இறைச்சிக்கு மேல ஆர் சீனி போட்டது?" என்று அத்தான் பரிமாறுகிறவரையே தமிழில் கேட்டார். இரண்டாவது துண்டை அவரேதான் எடுத்தார். தஜீனில் இரண்டு வகை சொன்னோம். ஊறவைத்த எலுமிச்சையும் ஒலிவும் போட்ட கோழி, உலர்ந்த பிளம்ஸ் போட்ட ஆட்டிறைச்சி. எலுமிச்சைக் கோழிக்குத்தான் என் ஓட்டு. உறைப்பு எதிர்பார்த்துப் போகாதீர்கள். மொரோக்கோச் சமையல் சீரகம், இஞ்சி, குங்குமப்பூ, கறுவா என்று வாசத்தில் நிற்கிறது. மேசையில் வைக்கிற ஹரிஸா என்ற மிளகாய்ச் சாந்து உண்மையில் துனிசியாப் பக்கத்துச் சாமான். ஆனாலும் கேட்டு வாங்குங்கள், எங்கள் நாக்குக்கு அது வேண்டும்.

குஸ்குஸ் எங்கள் புட்டின் ஒன்றுவிட்ட சகோதரம். ரவையைத் தண்ணீர் தெளித்து உருட்டி, கீழே கறி கொதிக்க மேலே ஆவியில் அவிக்கிறார்கள். நல்ல கடையில் ஒருமுறை அவித்து, கொட்டிக் கையால் உதிர்த்து, மறுபடி அவிப்பார்கள். அப்படிச் செய்தால்தான் கட்டிபடாமல் பொலபொலவென்று வரும். அக்கா ஒரு வாய் போட்டதும் சொல்லிவிட்டார், இது மூன்றுதரம் அவித்தது என்று. கேட்டுப்பார்த்தால் ஆமாம்! பெரும்பாலான கடைகளில் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். முழுவதையும் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

கையால் சாப்பிடுவதா என்று கேட்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். ஹிட்ச்காக்கின் 1956ஆம் ஆண்டுப் படமொன்றில் மராக்கேஷ் உணவகக் காட்சி வரும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தன் நீண்ட காலை அந்தத் தாழ்ந்த இருக்கையில் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பார். வலது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் என்று அவருக்குப் பாடம் நடக்கும். எங்கள் ஆட்களுக்கு மற்ற இரண்டு விரலையும் சும்மா வைத்திருப்பதுதான் சிரமம். பரிஸில் குஸ்குஸுக்குக் கரண்டிதான் தருகிறார்கள், கவலை வேண்டாம்.

புதினாத் தேநீர் வந்தபோதுதான் சண்டை தொடங்கியது. கடைசியில் இல்சா கணவனோடு விமானத்தில் ஏறியது சரியா? ரிக்கோடு நின்றிருக்க வேண்டும் என்பது அத்தானின் கட்சி. அக்கா ஒரே போடாகப் போட்டார்: "பேர் எழுதியாச்சு, பிளேன் நிக்குது. பிறகென்ன கதை?" லொட்ஜில் காத்திருந்தவர் வேறு எப்படிச் சொல்வார்! மகள் விடவில்லை. பத்திரத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை இரண்டு ஆண்கள் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள், அவளை யார் கேட்டது என்றாள். இதற்கு அக்காவிடமும் பதில் இல்லை.

நீங்களும் போவதென்றால் இரண்டு விஷயம். இந்தப் படத்துக்குக் கலர் பூசிய பிரதி ஒன்று உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள், கறுப்பு வெள்ளைதான். படம் 102 நிமிடம். ஏழு மணிக் காட்சி பார்த்தால் ஒன்பதரைக்குள் மேசையில் இருக்கலாம். பஸ்தியா நாலு பேருக்கு ஒன்று போதும், பின்னால் வருகிற குஸ்குஸ் மலைக்கு இடம் வேண்டும்.