ஏரி வெடிப்பா, பனி வெடிப்பா?

கேள்வி: கோடையில் எங்கள் ஊர் ஏரி வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இங்கிலாந்தில் பழங்கால உறைநிலத்தின் அடையாளம் என்று ஒரு வான்படம் பார்த்தேன், அச்சு அசல் அதே கோலம்! நம் பக்கமும் நிலம் உறைந்திருந்ததா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, நமக்கு நேர்ந்ததெல்லாம் கடல் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இறங்கி, கடலூர் சில்வர் பீச்சிலிருந்து கரை வெகுதூரம் கிழக்கே தள்ளிப்போனதுதான்.

கோலத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், முதலில் அளவைப் பாருங்கள். ஏரிப் பாளத்தை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். பனி வெடிப்பின் கட்டமோ பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர், உள்ளே ஒரு வீடே கட்டலாம். ஏரி மண் ஈரம் போய்ச் சுருங்குகிறது. அங்கே ஏற்கெனவே கல்லாக உறைந்த நிலம் கடுங்குளிரில் இன்னும் சுருங்கிப் பிளக்கிறது, வெயில் வந்ததும் உருகிய தண்ணீர் பிளவில் இறங்கி உறைகிறது, அடுத்த குளிரில் அதே இடம் மறுபடி பிளக்கிறது, இப்படி வருஷத்துக்குச் சில மில்லிமீட்டராக நூற்றுக்கணக்கான வருஷம் தடித்து ஒரு பனி ஆப்பு உருவாகிறது. காலம் மாறி ஆப்பு உருகும்போது மணலும் வண்டலும் அந்த இடத்தில் சரிந்து நிரம்பிவிடும். நமக்கு மிஞ்சுவது அந்த நிரப்பல்தான்.

அதனால் வெட்டுமுகம் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. சரளைக் குழியின் சுவரில், பம்பரத்தை நெடுக்காக அறுத்த மாதிரி கீழே கூர்ந்துபோகும் வேறு நிற மண் தெரிய வேண்டும், ஓரத்து அடுக்குகள் வளைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், மரவேர் போன தடமாகவும் இருக்கலாம். நீங்கள் பார்த்த வான்படம் வறண்ட கோடையில் எடுத்ததாக இருக்கும்: நிரப்பல் மண்ணில் ஈரம் தங்கி, அதன் மேல் பயிர் மட்டும் பச்சையாக நிற்கும், சுற்றிலும் பழுத்துவிடும்.

கேள்வி: மகள் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கிறாள். அங்கே காட்டுக்குள் வட்ட வட்டமாகக் குளங்கள். மனிதர் வெட்டியவையா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: தாம்சன் காமன் பக்கம் என்றால், பெரும்பாலானவை பிங்கோவின், அதாவது உள்ளே பனிக்கட்டி கொண்ட மண்மேட்டின் மிச்சம். பனியுகத்தில் நிலத்தடி நீர் உறைந்து மண்ணை மேடாகத் தூக்கியது. மேட்டு மண் சரிந்து ஓரத்தில் சேர்ந்தது. பனி உருகியதும் நடு உள்வாங்கியது. ஆனால் நார்ஃபோக்கில் வயலுக்குச் சுண்ண மண் எடுத்த குழிகளும் ஏராளம். குளத்தைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள், தாழ்வான மண்வரப்பு வளையம்போல் ஓடினால் பிங்கோ என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.