4294967297 பகா எண்ணா? பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கேள்வி: 4294967297 என்ற எண்ணைக் காட்டி, ‘ரகசியக் குறியீட்டுக்கு உதவும் அரிய பகா எண்’ என்று ஒருவர் விலை சொல்கிறார். 2 முதல் 100 வரை வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. செயலி ஒன்றும் பகா எண் என்றே காட்டுகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இது பகா எண்ணே அல்ல. 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், இதே எண் வரும்.

நீங்கள் 100-இல் நிறுத்தியதுதான் கோளாறு. ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்த பிறகே அது பகா எண் என்று உறுதியாகச் சொல்லலாம். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. 3-க்கும் 11-க்கும் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடும் பாடத்திட்டம், எங்கே நிறுத்தலாம் என்ற இந்த ஒரு விதியை மனத்தில் பதியவைக்காமலே பிள்ளைகளை அனுப்பிவிடுகிறது. எத்தனை காலம்தான் இதையே சொல்லிக்கொண்டிருப்பது?

இனி செயலி. அவசரச் செயலிகள் முழுதாக வகுத்துப் பார்ப்பதில்லை. 2-ஐ மிகப் பெரிய அடுக்குக்கு உயர்த்தி, உங்கள் எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் ‘பகா எண்’ என்று சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உங்கள் எண் விதிவிலக்கு. ஏனென்றால் அது 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. 2-இலிருந்தே பிறந்த இந்த எண்ணை 2-ஐக் கொண்டே சோதித்தால் மீதி 1-தான் வரும், பகு எண்ணாக இருந்தாலும் வரும். அதே சோதனையை 3-ஐ வைத்துச் செய்தால் உடனே அகப்பட்டுவிடும். 2 போன்ற ஒரே ஒரு அடிமான எண்ணோடு நிறுத்தும் செயலியைத் தூக்கிப் போடுங்கள். வேறு சில நிரல்கள் 32 பிட்டுக்கு (0, 1 என்ற இரும இலக்கங்களுக்கு) மேல் இடம் ஒதுக்காது. அவற்றுக்கு இந்த எண் வெறும் 1-ஆகத் தெரியும், எந்த எச்சரிக்கையும் வராது!

பெரிய கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார். இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று காட்டினால் வேலை சுருங்கிவிடும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை.

விற்பவர் விஷயம். குறியீட்டுக்காக ரகசியமாக வைக்கும் பகா எண்கள் இன்று பொதுவாக 300 இலக்கங்களைத் தாண்டும். இது பத்தே இலக்கம். தேவையானதை உங்கள் கணினியே இலவசமாக உருவாக்கித் தரும். அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. விற்பவருக்கே தெரிந்த எண்ணில் ரகசியம் எங்கே? ‘சான்றிதழ்’, ‘அரிய இலக்கம்’ என்று பேசும் தரகர்கள் எல்லோரும் இதே ஏமாற்றைத்தான் செய்கிறார்கள். முன்பணம் கொடுத்திருந்தால், மேலே உள்ள பெருக்கலை எழுதி அனுப்பி இன்றே திருப்பிக் கேளுங்கள்.