ஸ்திரீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கு உண்டா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: அப்பா 2016-ல் உயில் எழுதாமல் இறந்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள். அவர் பெயரில் 45 சென்ட் உண்டு. பங்கு கேட்டால், "கல்யாணத்தில் உனக்கு ஸ்திரீதனம் கொடுத்தாச்சே, இனி என்ன பங்கு?" என்கிறார்கள் அண்ணன்மார் இருவரும். பட்டாவையும் தங்கள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா இருக்கிறார். (கருங்கல் வாசகி)

பதில்: இந்தப் பேச்சை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். கேட்டுக் கேட்டுப் பெண்களே நம்பிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வேதனை. அண்ணன்மார் சொல்வது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் செத்து வெகுகாலம் ஆயிற்று. 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கணக்கு இப்படி: மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 சென்ட் அம்மாவுக்கு. மீதி 30 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 10. பட்டா மாறியதால் உரிமை போகாது. ஆனால், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் நீங்கள் எப்போதாவது கையெழுத்துப் போட்டீர்களா? வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். போடவில்லை என்றால் வாரிசுச் சான்றோடு முதலில் நோட்டீஸ், மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. தள்ளிப்போடாதீர்கள். உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து அவர்கள் 12 ஆண்டு அனுபவித்துவிட்டால் வழக்கு சிக்கலாகும்.

கேள்வி: தெரிந்தவருக்கு 2 லட்சம் கொடுத்து புரோநோட்டு வாங்கினேன். இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. வட்டியைக் கையில் தருகிறார், முதலைத் தரவில்லை. (தக்கலை வாசகர்)

பதில்: உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. நோட்டுத் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில்லாமல் கையில் வாங்கிய வட்டி இந்தக் கெடுவை நீட்டாது. அடுத்த முறை அவர் பணம் தரும்போது, நோட்டின் பின்புறம் அவரையே வரவு எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கெடு முடியும் முன் அப்படி எழுதினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். மறுத்தால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. நாலு நாள் பிந்தி வந்த ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிய சங்கடம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்து நிற்கிறது. சொல்லியும் வெட்ட மறுக்கிறார். (குளச்சல் வாசகி)

பதில்: 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்த இரவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டாம். விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் சப்-கலெக்டர் போன்ற நிர்வாக நடுவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152. மரத்தின் சாய்வு தெரியும்படி படமெடுத்து, பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நீங்களே ஆள்விட்டு வெட்டிவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

கேள்வி: பைக் திருட்டுப் போனது. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் மட்டும் தந்தார்கள். போதுமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: போதாது. அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. திருட்டுக்கு எஃப்ஐஆர் பதிந்தே ஆக வேண்டும், நகலும் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

கேள்வி: பூக்கட்டிப் பிழைக்கிறேன். கணவர் செலவுக்குத் தருவதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. (தோவாளை வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் வக்கீலுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். பெண்கள் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆதார், திருமணச் சான்று இருந்தால் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஜீவனாம்ச வழக்குக்கு அவர்களே வக்கீல் அமர்த்தித் தருவார்கள். போக முடியாத நாளில் 15100-க்கு போன் செய்யுங்கள்.