குட்டியானையில் ஏறும் கிடாரும் பீரோவில் இருக்கும் பத்திரமும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 49. கல்லூரியில் படிக்கும்போது, 1997-ல், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். பாடகர் ஆஸ்திரேலியா போய்விட்டார். பேஸ் கிடார்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இவரும் டிரம்மரும்தான் விடாமல் ஆள் மாற்றி ஆள் சேர்த்து ஓட்டுகிறார்கள். இவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். ஆடி மாதம் லைட் மியூசிக், சில சனி ஞாயிறுகளில் ஏற்காடு ரிசார்ட்டுகள். இப்போது சொந்தப் பாட்டுகளை ஆல்பம் போட, வீட்டுப் பத்திரத்தை வைத்து ஆறு லட்சம் வாங்க வேண்டும் என்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வேண்டாம் என்றால், "கனடாவில் அன்வில் குழுவைப் பாரு, ஐம்பது வயசுல ஜெயிச்சாங்க" என்கிறார். வர வர டிவி சத்தத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார், வீட்டில் உட்கார முடியவில்லை. அவர் கனவுக்கு நான்தான் முட்டுக்கட்டையா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சகோதரி, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். இதைச் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அன்வில் கதையை உங்கள் வீட்டுக்காரர் கடைசி அரை மணி நேரத்திலிருந்து சொல்கிறார். டொரான்டோவில் 1978-ல் தொடங்கிய குழு அது. 1984-ல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், ஒயிட்ஸ்நேக், பான் ஜோவி ஆகிய ராக் குழுக்கள் வாசித்த அதே விழாவில் இவர்களும் வாசித்தார்கள். மற்றவர்களுக்குப் பேரும் பணமும் குவிந்தன. இவர்கள் ஊர் திரும்பினார்கள். பாடகர் ஸ்டீவ் குட்லோ பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய் இறக்கும் வேலை பார்த்தார். டிரம்மர் ராப் ரைனர் கட்டட வேலைக்குப் போனார். 13-வது ஆல்பத்துக்குப் பணம் கொடுத்தது குட்லோவின் உடன்பிறந்த சகோதரி. பிறகு 2008-ல் ஒரு ஆவணப்படம் வந்து வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. எடுத்தவர் யார் தெரியுமா? பையனாக இருந்தபோது அதே குழுவுக்குச் சாமான் தூக்கிக் கூடவே சுற்றிய சாஷா ஜெர்வாசி. நம் குட்டியானையில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் பையன், நாளைக்குச் சினிமா டைரக்டராகி வரலாம். வந்தால் சந்தோஷம். அதை நம்பி வீட்டை அடகு வைக்க முடியாது.

அந்த முப்பது வருஷமும் அவர்கள் வேலைக்கும் போனார்கள், வாசிக்கவும் செய்தார்கள். உங்கள் வீட்டுக்காரரும் அதைத்தானே செய்கிறார்? கல்கத்தா கிவ்சன் கிடாரில் விரல் காய்த்துப் போகப் பழகிய தலைமுறையை எனக்குத் தெரியும். பட்டறைக் கணக்கு நோட்டைப் பார்த்தாலே தோற்றுவிட்டதாக நினைப்பார்கள். இத்தனை வருஷம் கிடார் கம்பி வாங்கித் தந்தது அந்த நோட்டுதான்.

ஆல்பம் போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு லட்சம் எது எதற்கு என்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளைக்கு அது கஷ்டமா என்ன? கிடார், பேஸ், குரல் மூன்றையும் ஒரு லேப்டாப், ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல மைக் வைத்து வீட்டறையிலேயே பதிவு செய்யலாம். டிரம்ஸ் மட்டும் வீட்டில் ஆகாது. அதற்கு ஏழெட்டு மைக் வேண்டும், சின்ன அறையில் சத்தம் மோதிக் குழம்பும், பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். டிரம்ஸுக்கு மட்டும் இரண்டு நாள் ஸ்டுடியோ எடுக்கட்டும். முதலில் மூன்று பாட்டு போதும். வீடியோவைப் பிறகு பார்க்கலாம். ஸ்ட்ரீமிங்கில் ஒருவர் ஒருமுறை கேட்டால் வருவது பைசாக் கணக்கு, அதை வைத்து மாதத் தவணை கட்ட நினைக்க வேண்டாம்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்தப் பாட்டுகளை எழுதியது யார்? ஆஸ்திரேலியாக்காரர் எழுதிய வரிகள் என்றால் பதிப்புரிமை அவருடையது. அவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம். வாட்ஸ்அப்பில் "பாடிக்கடா மாப்ள" என்று ஒரு குரல் பதிவு போதாது. எந்தப் பாட்டில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு ஓடாதவரை இதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஓடிவிட்டால் முப்பது வருஷ நட்பு கோர்ட்டு வாசலில் நிற்கும். கையெழுத்தானதும் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினராகச் சேரட்டும், ராயல்டி வசூலித்துத் தருகிற அமைப்பு அது.

டிவி சத்தத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு ஆறு லட்சத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது, காது மந்தமாவதன் அறிகுறியாக இருக்கலாம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் நின்று ஒத்திகை பார்ப்பவருக்கு 100 சாதாரணம். இவர் ஏறக்குறைய முப்பது வருஷம் நின்றிருக்கிறார். உள்காதில் செத்த செல் மறுபடி முளைக்காது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். ராத்திரியில் காதில் 'கொய்ங்' என்று கேட்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டாலும் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் கடையில் கிடைக்கிறது, கடன் எதுவும் தேவைப்படாது.

முட்டுக்கட்டையா என்று கேட்டீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் டிரம்மர் யார், பேஸ் யார் என்று இவ்வளவு துல்லியமாக எழுதமாட்டார். ஆனால் அவர் வாசித்ததை நீங்கள் கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. லைட் மியூசிக்கை அவர் கச்சேரிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று நினைக்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் போல ஒன்று பெரிய பெரிய ராக் குழுக்களுக்கே எளிதில் வாய்க்காது. இந்த ஆடிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்று பாருங்கள். சொல்லாமல் போங்கள். ஸ்பீக்கருக்கு நேராக மட்டும் நிற்க வேண்டாம்.