சென்னை சிட்டி கால்பந்து அணி 2018-19இல் வென்ற ஐ-லீக் இரண்டாம் நிலைக் கோப்பைதானே, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இல்லை. அந்தப் பருவத்தில் ஐ-லீக் இரண்டாம் நிலை லீக் அல்ல. இந்தத் தவறு அடிக்கடி எழுதப்படுகிறது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு, அந்தப் பருவத்தை, அணியின் சொந்த மைதானம் இருந்த கோவையில், கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன்.

ஐ-லீக் 2007இல் தொடங்கியது. அதற்கு முன்பு 1996 முதல் நடந்துவந்த தேசியக் கால்பந்து லீக்கின் வாரிசு அது. 2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வந்தது, பணமும் விளம்பரமும் அங்கே போயின. ஆனாலும் சில ஆண்டுகள் இரண்டும் அருகருகே நடந்தன. ஆசியக் கூட்டமைப்பின் கணக்கில் ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று, ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு அதற்கு அடுத்த படியான ஏ.எஃப்.சி. கோப்பை. ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் என்றானது 2019-20 பருவத்திலிருந்துதான். அதாவது, 2019 மார்ச் மாதம் கோவையில் தூக்கப்பட்ட கோப்பை, ஐ-லீக் உச்சத்தில் இருந்தபோது வெல்லப்பட்ட கடைசிக் கோப்பை. இன்று இருக்கும் வரிசையை எடுத்து அன்றைய வெற்றியின் மேல் ஒட்டுவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமா மில் தொழிலாளி. இளமையில் ஷிப்ட் முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியவர். நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி ஆடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அதற்கு முந்தைய பருவத்தில் பார்த்தவை பெரும்பாலும் வயிற்றைப் பிசையும் ஆட்டங்கள். பத்து அணிகளில் எட்டாவது இடம். அந்த அணியில் எங்களுக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பையன். பந்து அவர் காலுக்கு வந்தால் மாமா எழுந்து நின்றுவிடுவார். 2018இல் அவரும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இனி இந்த அணி என்ன ஆகும் என்று பயந்துகொண்டேதான் புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் போனோம்.

2018 அக்டோபர் 26. லீக்கின் தொடக்க ஆட்டமே கோவையில், இந்தியன் ஆரோஸ் அணியுடன். 4-1 என்று வென்றோம். மூன்று கோல்களை அடித்தவர் அதற்குமுன் நாங்கள் கேள்விப்பட்டிராத பெட்ரோ மான்சி. உருகுவேயில் பிறந்து, ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடிவிட்டு வந்தவர். பருவம் முடியும்போது அவர் பெயரில் 21 கோல்கள் இருந்தன. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. லீக்கில் அவர்களைவிட அதிகம் அடித்தவர் யாரும் இல்லை.

மான்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது அந்த அணி பந்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பற்றி. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தால் நடுக்களத்தைத் தாண்டி ஓங்கி உதைப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. கோல்கீப்பர் நாவ்செட் சந்தானா பக்கத்தில் நிற்கும் தற்காப்பு வீரருக்குத் தள்ளுவார், அவர் நடுக்களத்தில் நிற்கும் எட்வினுக்கு, எட்வின் திரும்பிப் பார்த்து சாண்ட்ரோவுக்கு, சாண்ட்ரோ மறுபடியும் பின்னால். எதிரணி வீரர் மூச்சு விடும் தூரத்துக்கு வந்தாலும் பந்து தரையைவிட்டு எழும்பாது. முதல் சில ஆட்டங்களில் கேலரி முழுக்க ஒரே கூச்சல்: "தூக்கி அடி, தூக்கி அடி!" மாமாவின் குரல்தான் அதில் பெரிது. சொந்தப் பெனால்டி எல்லைக்குள் இப்படிப் பந்தை உருட்டி விளையாடுவதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு பதறும்.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் கவனித்தேன். எதிரணி மூன்று பேர் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள், எங்கள் தற்காப்பு வீரர் பந்தை மிதித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒருவர் "தூக்கி அடி" என்று கத்துகிறார். மாமா அவர் தோளைத் தொட்டு, "இருங்க, அவன் பார்க்கிறான்" என்றார். அடுத்த நொடியில் அந்த மூவருக்கும் நடுவே பந்து நழுவிப் போயிற்று. ஒரு அணி தன் ரசிகர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அணியில் ஸ்பானியர்கள் முதுகெலும்பு என்பது உண்மை. தற்காப்பில் எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ, அவருக்கு முன்னால் கேனரி தீவுகளிலிருந்து வந்த நெஸ்டர் கோர்டில்லோ. நெஸ்டர் பந்தோடு திரும்பும்போது அவரைப் பிடிக்க வந்தவர் வேறு திசையில் போய்க்கொண்டிருப்பார். ஆனால் "வெளிநாட்டுக்காரர்கள் வென்று கொடுத்த கோப்பை" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலது ஓரத்தில் ரொமாரியோ ஜேசுராஜ், நடுவில் சென்னைப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், பின்வரிசை ஓரத்தில் அஜித்குமார் காமராஜ், இன்னும் சார்லஸ் ஆனந்தராஜ், பிரவிட்டோ ராஜு. அதிகம் பேசப்படாத இந்தத் தமிழ்நாட்டுப் பையன்கள் ஓடாமல் ஸ்பானியர்களின் பாஸ்கள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். பதினோரு அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். கோவையிலிருந்து கிளம்பி ஸ்ரீநகர், இம்பால், அய்ஸால், ஷில்லாங், கொல்கத்தா, புவனேஸ்வர், கோவா, பஞ்சாப் அணிக்காகப் பஞ்ச்குலா. பக்கத்து வீடு என்று சொல்லக்கூடியது கோழிக்கோடு மட்டும்தான். அந்தப் பருவத்தில் முதன்முறையாக லீக்குக்குள் வந்த ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பிடித்தது. அவர்களுடைய கதையும் தனியாக எழுதத் தகுந்தது. பருவத்தின் நடுவே பல ஆட்டங்களின் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. வெளியூரில் நம் அணி ஆடுகிறது, ஆனால் பார்க்க வழியில்லை. கைபேசியில் ஸ்கோர் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

பட்டத்தை முடிவு செய்தது, கடைசி நாள் வரை எங்களைத் துரத்திய கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு எதிரான இரண்டு ஆட்டங்கள் என்பது என் கணிப்பு. நவம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 2-1. பிறகு கோவையிலும் 2-1. ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04இல். பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த கூட்டம் அது. ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணிக்குப் பயிற்சி அளித்த அலெஹாந்த்ரோ மெனெண்டஸை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்த அந்த ஆறு புள்ளிகளில் ஒன்று குறைந்திருந்தாலும் மார்ச்சில் நாங்கள் அழுதுகொண்டு வீடு திரும்பியிருப்போம்.

அழும் நிலைக்கு வந்தும் விட்டோம். மார்ச் 1 அன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றது அணி. வென்றிருந்தால் அன்றைக்கே பட்டம் கையில். அதற்கு இரண்டு நாள் கழித்து ஈஸ்ட் பெங்கால் மினெர்வா பஞ்சாபை வென்றது. கடைசி நாளுக்கு முன்பு நாங்கள் 40 புள்ளி, அவர்கள் 39.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, மாலை 5 மணி. கோவையில் எங்களுக்கு எதிரே மினெர்வா பஞ்சாப், முந்தைய பருவத்தின் சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். வெயில் இறங்கியும் கேலரிப் படிக்கட்டின் சிமெண்ட் சூடு ஆறவில்லை; துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தயத் தடம் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுகிறது. அதனால் ஆட்டம் சற்றுத் தள்ளித்தான் தெரியும். அன்றைக்கு அந்த இடைவெளியே தெரியவில்லை, அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம்.

மூன்றாவது நிமிடத்தில் மினெர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். சத்தம் அப்படியே அறுந்துபோயிற்று. எனக்குப் பின்னால் ஒரு சிறுமி தன் அப்பாவிடம், "நாம்தானே அடித்தோம்?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. இடைவேளை வரை 0-1. கோழிக்கோட்டில் 0-0. அப்படியே முடிந்தால் இரு அணிகளுக்கும் 40 புள்ளிகள். அங்கே ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் அடித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மாமா என் கைபேசியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இங்கே பார் மாப்பிள்ளை, அங்கே நடப்பது நம் கையில் இல்லை" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவரே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

56ஆவது நிமிடம் பெனால்டி. மான்சி. 1-1. ஆனால் டிரா போதாது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவர்களுக்கு 42, எங்களுக்கு 41.

69ஆவது நிமிடத்தில் அசாமிலிருந்து வந்த தற்காப்பு வீரர் கௌரவ் போரா அடித்தார். 2-1. ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்காக ஒன்று போட்டார். இரண்டு செய்தியும் ஒன்றாக வந்த அந்தச் சில நிமிடங்கள் கேலரியில் தெரியாதவர்கள் எல்லாம் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்த பெரியவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது நீடிக்கவில்லை. 79ஆவது நிமிடத்தில் ஈஸ்ட் பெங்காலின் ஹைமே சாண்டோஸ் பெனால்டியில் சமன் செய்தார். 85இல் லால்டான்மாவியா ரால்ட்டே, அங்கே 2-1. இப்போது மினெர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் எல்லாம் போய்விடும். கைபேசி வைத்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். பந்து எங்கள் பாதிக்குள் வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது. மாமா ஆடுகளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் போரா. 3-1.

பருவம் முழுக்க மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று பேசிக்கொண்டிருந்தோம். கடைசி நாளில் இரண்டு கோல் அடித்துப் பட்டத்தை எடுத்துக்கொடுத்தவர் ஒரு தற்காப்பு வீரர். 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி சென்னை சிட்டி. அதே பருவத்தில் ஐ.எஸ்.எல்.லில் நடப்புச் சாம்பியனாகக் களமிறங்கிய சென்னையின் எஃப்.சி. பட்டியலின் அடியில் முடித்தது. தமிழ்நாட்டுக் கால்பந்தின் மானத்தை அந்த ஆண்டு காப்பாற்றியது கோவைதான்.

"சரி, ஐ.எஸ்.எல். அணியோடு மோதியிருந்தால் தெரிந்திருக்கும்" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். மோதினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையின் கால் இறுதியில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி.யை, சுனில் சேத்ரி ஆடிய அணியை, சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. அரை இறுதியில் கோவா அணியிடம் 0-3 என்று தோற்றதையும் மறைக்கவில்லை. ஆனால் இரு லீக் சாம்பியன்களும் நேருக்கு நேர் நின்ற அந்த ஆட்டத்தில் வென்றது யார் என்பது பதிவில் இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டி எழுத மனம் வரவில்லை. பட்டம் வென்றதற்காக ஐ.எஸ்.எல்.லுக்குள் போகும் வழி அன்றைக்கு இல்லை. அந்த வழி திறந்து, அதில் முதலில் நுழைந்தது 2023இல் பஞ்சாப் அணி. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃப்பா அணியிடம் 0-1 என்று தோற்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று முடிந்தது. மான்சி ஜப்பானுக்குப் போனார். கொரோனா வந்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது, கோவைக்கு ஒரு ஆட்டமும் இல்லை. அதற்கு அடுத்த பருவத்தில் உரிமத் தகுதி இல்லாமல் சென்னை சிட்டி லீக்கைவிட்டே வெளியேறியது. வென்று மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு ஏதாவது வாங்கப் போகும்போது மாமா மதில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ரொமாரியோ கோவா அணிக்கு ஆடிய நாட்களில், வீட்டில் ஐ.எஸ்.எல். ஓடும்போது வலது ஓரத்தில் அவர் பந்தோடு கிளம்பினால், சமையலறையில் இருக்கும் அத்தையை மாமா கூப்பிட்டுவிடுவார்: "வா, வா, நம் பையன் ஓடுகிறான்."