மெகா மேன் வரிசையில் எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம்?

மெகா மேன் என்ற வீடியோ கேம் வரிசையின் 1 முதல் 6 வரையிலான பாகங்கள் அடங்கிய தொகுப்பைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறீர்கள். ஆறும் ஒரே மாதிரி தெரிகின்றன, எதில் தொடங்குவது, மற்றத் தொகுப்புகளுக்கும் காசு செலவழிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 2இல் தொடங்குங்கள். அடுத்து 3. 4, 5, 6 மூன்றில் ஏதாவது ஒன்று போதும். மிச்சப்படும் நேரத்தை 'எக்ஸ்' வரிசையின் முதல் விளையாட்டுக்கும் 9ஆம் பாகத்துக்கும் கொடுங்கள். இதற்குச் சண்டை போட நிறையப் பேர் வருவார்கள், வரட்டும்.

என் அளவுகோல் ஒன்றுதான். மேடையின் முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரியான பாஸைத் தோற்கடித்தால் அவனுடைய ஆயுதம் நமக்கு வந்துவிடுகிறது; அந்த ஆயுதம் இன்னொரு பாஸுக்கு எமன். இதுதான் இந்த வரிசையின் உயிர். 1987 டிசம்பரில் ஜப்பானில் 'ராக்மேன்' என்ற பெயரில் முதல் பாகம் வந்தபோதே இது முழுமையாக இருந்தது. கட் மேனின் கத்தரி எலெக் மேனைச் சாய்க்கும். எலெக் மேனின் மின்சாரம் ஐஸ் மேனை, ஐஸ் மேனின் பனி ஃபயர் மேனை, அவன் தீ பாம் மேனை, அவன் குண்டு கட்ஸ் மேனை, கட்ஸ் மேனின் கைவலிமை மறுபடியும் கட் மேனை. ஆறு பேர், ஒரே வட்டம். ஆகவே எந்தப் பாகத்தை எடுத்தாலும் நான் கேட்பது இதுதான்: ஜெயித்து வாங்கிய ஆயுதத்தை இந்த விளையாட்டு என்னைப் பயன்படுத்த வைக்கிறதா, இல்லை, தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கும் வெறும் பஸ்டர் துப்பாக்கியைச் சுட்டுக்கொண்டே கடைசி வரை போய்விடலாமா? இசை நன்றாக இருக்கிறது, கடினமாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், காசிலிருந்து வந்தது. 90களில் வேலூரில் வளர்ந்தவர்களுக்கு டிவி கேமும் மஞ்சள் கேசட்டும் தெரிந்திருக்கும். அட்டையில் பெரிய எண்ணாகப் போட்டு, உள்ளே மரியோவையும் கான்ட்ராவையும் சர்க்கஸையும் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கிய கேசட்டுகள். எங்கள் பக்கம் மெகா மேன் அவற்றில் அகப்படாது. தனிக் கேசட்டாகத்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அண்ணன் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வீட்டு வராந்தாவில் ஆட விடுவார். மே மாத வெயிலில் அந்த வராந்தா அடுப்பு மாதிரி இருக்கும், ஆனாலும் வரிசை நிற்கும். காசு கொடுத்து ஆடும்போது தவறான ஆயுதத்தோடு ஒரு பாஸிடம் போய் நிற்பது வெட்டிச் செலவு. எவனை முதலில் அடிப்பது, எதை எதற்குச் சேமிப்பது என்று பள்ளிக்கூடத்திலேயே திட்டம் போட்டுக்கொண்டு போவோம்.

முதல் பாகத்தை நான் மதிக்கிறேன், ஆனால் புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல் இல்லை, மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. உங்கள் தொகுப்பில் சேமிக்கும் வசதி இருப்பதால் அந்த வேதனை உங்களுக்கு இல்லை. எதற்கும் பயன் தராத ஸ்கோர் பலகை வேறு மேலே ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் நிறத்தில் துண்டு துண்டாகப் பறந்து வந்து ஒன்றுசேரும் அந்த 'எல்லோ டெவில்' என்ற பூதம்தான் பெரும்பாலானோர் நின்றுபோகும் இடம். எலெக் மேனின் மின்சாரம் அதன் கண்ணில் பட்டிருக்கும்போது செலக்ட் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டால் ஒரே அடி பலமுறை விழும். ஏமாற்று என்பார்கள். அந்தப் பூதம் செய்வது மட்டும் நியாயமா?

2ஆம் பாகம் 1988 டிசம்பர். முதல் பாகம் பெரிதாக விற்காததால், இந்த வரிசையைத் தயாரிக்கும் கேப்காம் நிறுவனத்தின் குழு மற்ற வேலைகளுக்கு நடுவே இதை முடித்தது. பாஸ்கள் எட்டாயின, உயிரை நிரப்பும் ஈ-டேங்க் வந்தது, ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் புள்ளி வைக்கும் கடவுச்சொல் வந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் அந்தப் புள்ளிக் கட்டங்களால் நிரம்பிய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர். வில்லன் டாக்டர் வைலியின் கோட்டையில் வரும் முதல் மேடை இசையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, கேட்டால் போதும்.

என் அளவுகோலுக்கு இந்தப் பாகத்தில் ஒரே இடத்தைக் காட்டினால் போதும்: குயிக் மேன் மேடை. பக்கவாட்டுச் சுவர்களிலிருந்து ஒளிக்கற்றைகள் பாயும், தொட்டால் உயிர் போய்விடும், யோசிக்க நேரம் இல்லை. ஃபிளாஷ் மேனை முன்னதாகவே ஜெயித்திருந்தால் அவனுடைய காலத்தை நிறுத்தும் ஆயுதம் கையில் இருக்கும். போட்டால் கற்றைகள் அப்படியே உறைந்துவிடும். ஆனால் அதே ஆயுதம்தான் குயிக் மேனின் உயிரில் பாதியைக் குறைக்கும், இடையில் நிறுத்தவும் முடியாது. கற்றைக்கா, பாஸுக்கா? இந்த ஒரு கேள்விக்குள் எத்தனை விளையாட்டுகளின் சாரம் இருக்கிறது! யாரும் திரையில் வந்து விளக்கவில்லை. மேடையே கேட்கிறது, நாமே பதில் சொல்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. மெட்டல் மேனின் சக்கரம் எட்டுத் திசையிலும் பறக்கும், ஆற்றலும் கொஞ்சமாகத்தான் செலவாகும். அதனால் பலர் அதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கடைசியில் மெட்டல் மேனே மீண்டும் வரும்போது தன் சக்கரத்தாலேயே ஓரிரு அடியில் சாகிறான். இதைத் தயாரித்தவர்கள் தெரிந்தே வைத்தார்கள் என்று நம்புகிறேன், அவ்வளவு நல்ல நகைச்சுவை அது.

3ஆம் பாகம் 1990. தரையோடு சறுக்கிப் போகும் வசதி, ரஷ் என்ற நாய், விசில் அடித்துக்கொண்டு வரும் புரோட்டோ மேன் என்று இந்த வரிசையின் முகம் முழுமையானது இங்கேதான். அவசரத்தில் முடித்ததால் தனக்கு நிறைவில்லை என்று இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெய்ஜி இனாஃபுனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆடும்போது அது தெரியத்தான் செய்கிறது. எட்டு மேடை முடிந்ததும் நான்கு மேடைகள் திரும்ப வந்து, அவற்றில் 2ஆம் பாகத்தின் எட்டுப் பாஸ்களும் வேறோர் உடலில் வந்து நிற்பார்கள். அந்த நீட்டல் எனக்கு அலுப்பு. ஆனால் டாப் மேன் என்ற பாஸின் பம்பரச் சுழலுக்காக அதை மன்னித்துவிடலாம். விளையாட்டின் பெரும்பகுதியில் அதிகம் உதவாத ஆயுதம், தவறாகச் சுழன்றால் ஆற்றலை ஒரேயடியாக உறிஞ்சிவிடும். கடைசியில் காமா என்ற ராட்சத இயந்திரத்தை ஒரே சுழலில் வீழ்த்துவதும் அதுதான். கேலி செய்த ஆயுதத்திடமே நம்மைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இதற்காகவே 3ஐ இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது தெருக்காரணம். இரண்டாவது கன்ட்ரோலரில் வலது அம்பை அழுத்திப் பிடித்தால் மெகா மேன் மிக உயரமாகத் தாவுவான், குழியில் விழுந்தாலும் சாக மாட்டான். சோதனைக்காக வைத்துவிட்டு நீக்க மறந்த குறுக்குவழியாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டில் தம்பிக்கும் ஒரு வேலை கிடைத்தது: "டேய், வலதை விடாதே, விட்டால் உனக்கு அடுத்த ஆட்டம் கிடையாது."

இனி வழக்கு. 1991இல் வந்த 4ஆம் பாகத்தில் பஸ்டரை அழுத்திப் பிடித்து பெரிய குண்டாகச் சுடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கொண்டாடினார்கள். இந்த வரிசைக்கு நேர்ந்த பெரிய கெடுதல் அதுதான் என்பது என் கட்சி. பொத்தானைப் பிடித்து விட்டால் வழியில் வரும் பெரும்பாலான எதிரிகள் ஒழிந்துவிடுகிறார்கள் என்றால், ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து, ஆயுதம் மாற்றி, மீண்டும் திரும்பி வர யாருக்குப் பொறுமை இருக்கும்? 1992இன் 5ஆம் பாகத்தில் அந்தக் குண்டு இன்னும் பெரிதாயிற்று, ஆயுதங்கள் இன்னும் சோனியாயின. கிராவிட்டி மேன் மேடையில் புவியீர்ப்பு தலைகீழாகி, கூரையில் நடக்க வேண்டிவரும் இடம் மட்டும் அபாரம். அந்த ஒரு மேடைக்காக மூன்றில் 5ஐ எடுங்கள் என்பேன். 6ஆம் பாகத்தில் நாயோடு இணைந்து பறக்கவும் குத்தவும் முடியும், அதனால் ஆயுதப் பட்டியலை மறந்தே விடலாம். அதோடு 4இல் கோசாக் என்ற ரஷ்ய விஞ்ஞானி, 5இல் புரோட்டோ மேன், 6இல் மிஸ்டர் எக்ஸ் என்று ஒவ்வொரு முறையும் வேறொருவர் வில்லன் என்று காட்டிவிட்டு, கடைசியில் வைலிதான் என்று திரையை விலக்குகிறார்கள். மூன்றாவது முறையும் திடுக்கிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

7உம் 8உம் பார்க்க அழகு. 8இன் ஆங்கிலக் குரலில் மெகா மேனை உருவாக்கிய டாக்டர் லைட் 'வைலி' என்ற பெயரோடு மல்லுக்கட்டுவதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவ்வளவுதான்.

அடுத்த தொகுப்புகள் பற்றிக் கேட்டீர்கள். ஒரு காலத்தில் வட ஆற்காடு என்று ஒரே மாவட்டம் இருந்தது; 1989இல் இரண்டானது, 2019இல் வேலூரே மூன்றானது; இன்று எந்த ஊர் எந்த மாவட்டம் என்று உள்ளூர்க்காரரே ஒரு கணம் யோசிக்கிறார். மெகா மேனும் அப்படித்தான் எக்ஸ், ஜீரோ, லெஜண்ட்ஸ், பேட்டில் நெட்வொர்க் என்று பிரிந்துகொண்டே போயிற்று. எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. 1993 டிசம்பரில் வந்த முதல் எக்ஸுக்குக் கட்டாயம் போக வேண்டும்.

அதில் அழுத்திப் பிடிக்கும் குண்டு இருக்கிறதே, என் வழக்கு என்னாயிற்று என்று கேட்கலாம். அவர்கள் மூன்று விதமாக ஈடுகட்டினார்கள். கன்ட்ரோலரின் தோள்பொத்தானை அழுத்தினால் ஆட்டத்தை நிறுத்தாமலே ஆயுதம் மாறும். ஃபிளேம் மாமத் மேடையில் ஒளித்து வைத்திருக்கும் கைக்கவசத்தை எடுத்தால், பாஸ்களிடம் வாங்கிய ஆயுதங்களையும் அழுத்திப் பிடித்துப் பெரிதாக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: யாரை முதலில் ஜெயிக்கிறோம் என்பது மற்ற மேடைகளையே மாற்றுகிறது. சில் பெங்குவினை வீழ்த்தினால் ஃபிளேம் மாமத் மேடையின் தீக்குழம்பு உறைந்துபோகும். ஸ்டார்ம் ஈகிளின் விமானம் விழுந்தால் ஸ்பார்க் மாண்ட்ரில்லின் மின்நிலையம் தடுமாறும். ஆயுதத்துக்கு மட்டும் இருந்த வரிசைக்கணக்கு உலகத்துக்கே வந்துவிட்டது. தொடக்க நெடுஞ்சாலை மேடையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், ஒரு பள்ளத்தில் தள்ளியே சுவரில் எகிறி ஏறக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வைல் என்பவனிடம் தோற்றே ஆக வேண்டும், தோழன் ஜீரோ வந்து காப்பாற்றுவான். நீங்கள் இன்னும் வலுவாக வேண்டும் என்பதைத் தோல்வியாலேயே சொல்கிறார்கள்.

எக்ஸ் 2, 3 இரண்டும் அதே சமையல், காரம் மட்டும் கூட. 1997இன் எக்ஸ் 4இல் ஜீரோவை முழுதாக ஆடலாம். அவனுக்கு ஆயுதம் கிடைப்பதில்லை, வாள்வித்தை கிடைக்கிறது, அது பட்டியல் திறக்காமலே கையில் இருக்கிறது. ஆகவே அதுவும் தேறியது. எக்ஸ் 6இல் காப்பாற்ற வேண்டியவர்களை நாம் நெருங்கும் முன்பே வைரஸ் தொட்டுவிட்டால் அவர்கள் போனது போனதுதான். அவர்கள் வைத்திருந்த பொருளும் போயிற்று. இதைக் கடினம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இது அலட்சியம். 2003இன் எக்ஸ் 7இல் எக்ஸ் என்று அட்டையில் போட்டுவிட்டு, நாயகன் எக்ஸையே முதலில் ஆடத் தரவில்லை. முப்பரிமாண கேமரா எங்கே பார்க்கிறது என்பது அதற்கே தெரியாது. இந்த இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் தள்ளி வையுங்கள்.

9ஆம் பாகம் 2008. உலகமே முப்பரிமாணத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பழைய எட்டு பிட் தோற்றத்தில் வந்தது. பழைய நினைவைக் காசாக்குகிறார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் கவனிக்காதது, சறுக்கலையும் அழுத்திச் சுடும் குண்டையும் எடுத்துவிட்டார்கள் என்பதை. என் வழக்கில் வந்த தீர்ப்பு அது. அவை போனதும் ஆயுதங்கள் உயிர்பெற்று எழுந்தன. கான்கிரீட் குண்டு சுவரில் ஒட்டி ஏறுபடியாகும், ஹார்னெட் மேனின் குளவி எட்டாத இடத்திலிருக்கும் பொருளை எடுத்து வந்து கொடுக்கும், டொர்னாடோ மேனின் காற்று நம்மையே உயரத் தூக்கும். எட்டில் ஒன்றுகூட வீண் இல்லை. 2ஐ விடச் சிறந்தது என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. குயிக் மேன் மேடை தடுக்கிறது.

2018இன் 11ஆம் பாகம் நல்ல பிள்ளை. ஆயுதம் மாற்றினால் மெகா மேனின் உருவமே மாறும், அதற்காகவே மாற்றத் தோன்றும். தள்ளுபடியில் வந்தால் வாங்குங்கள்.

இன்றிரவே 2ஐத் தொடங்கினால், நார்மல், டிஃபிகல்ட் என்று இரண்டு காட்டும். டிஃபிகல்ட்டை எடுங்கள், ஜப்பானில் வந்த மூல அளவு அதுதான். மெட்டல் மேனை முதலில் முடியுங்கள், அவன் சக்கரத்தோடு பபிள் மேனிடம் போங்கள், பபிள் மேனின் ஆயுதத்தோடு ஹீட் மேனிடம். வைலி கோட்டையின் நான்காவது மேடை முடிவில் சுவரில் ஐந்து பீரங்கிகள் இருக்கும். அவற்றுக்கும் நடுவில் உள்ள தடுப்புகளுக்கும் கிராஷ் மேனின் குண்டைத் தவிர வேறெதுவும் பலிக்காது, ஒன்றை வீணாக்கினாலும் பற்றாது. அந்த அறைக்குள் நுழையும் முன் கிராஷ் மேன் பட்டை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.