கைக்கடிகாரம் காட்டும் 22

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 46. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் கைக்கடிகாரம் ‘எச்.ஆர்.வி. 22, மன அழுத்தம் அதிகம்’ என்று காட்டுகிறது. டவுனில் ஒருவர், இது இதய அடைப்பின் அறிகுறி, கண்டியில் முழு ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், டீச்சர். அந்த 22 அடைப்பைக் காட்டும் எண்ணே இல்லை.

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மூச்சை ஆழமாக இழுங்கள், துடிப்பு கொஞ்சம் விரையும். மெதுவாக விடுங்கள், தளரும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம் இப்படி மில்லிசெக்கன் கணக்கில் மாறுவதைத்தான் கடிகாரம் எச்.ஆர்.வி. என்ற எண்ணாகப் போடுகிறது. தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், கவலை நீடித்தாலும் அது இறங்கும். வயது ஏற ஏறவும் இறங்கும். மனச்சோர்வு, பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எண் குறைந்ததை வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது. கம்பனிக்குக் கம்பனி கணக்கிடும் முறையும் வேறு. அதனால் பக்கத்து டீச்சரின் 50ஐப் பார்த்துக் கலங்க வேண்டாம். உங்கள் இரவுத் தூக்க நேர அளவை இரண்டு மூன்று வாரம் உங்களோடேயே ஒப்பிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண் கூடினால் நல்லது என்றும் இருந்துவிடாதீர்கள். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இடைவெளி கண்டபடி மாறும், எண்ணும் எகிறும். பார்க்க நல்ல எண், உள்ளே பக்கவாதத்துக்கு வழிவிடும் நோய். நாடியை ஒரு முழு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மூச்சோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் பயமில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் தடுமாறினால் அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அப்புறம், இந்த ஸ்கேன் தரகர்கள். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, தோட்டை அடகு வைத்து எடுத்த ‘முழு உடல் ரிப்போர்ட்டை’ பொலித்தீன் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். கையில் ஓர் உலோகக் குழலைப் பிடிக்கச் சொன்னார்களாம், முப்பது பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்களாம். ‘இதய நரம்பு பலவீனம்’ என்றெல்லாம் இருந்தது. பிரஷர் எத்தனை என்று ஒரு பக்கத்திலும் இல்லை. நான் அளந்தேன்: 180/110. அந்தக் காசை வாங்கியவர்கள் அவருக்கு வேண்டிய ஒரே பரிசோதனையைச் செய்யவில்லை.

பிரஷரும் சீனியும் அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான். தோட்டத் தொழிலாளி போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஒரு கிளினிக் வைத்தால் என்ன? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

நீங்கள் பாடசாலை விடுமுறையில் போய் இரண்டையும் பாருங்கள். இரவில் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விடுங்கள். தூக்கமே வராமல் மனம் பாரமாக இருந்தால் மனநல உதவி எண் 1926க்குப் பேசுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தாலோ வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.